ராக்கெட்டை வேண்டாமென்ற பெருவிரல்

என் அப்பா அய்யம்பெருமாளுக்கு இடது கையில் பெருவிரல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் சங்கதியை, சம்பளம் வாங்கிக்கொண்டு நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரே ஓர் ஆள் மறந்துபோனார். அதனால்தான் எனக்கு வேலை போயிற்று.

அப்பாவுக்குக் கிணறு வெட்டும் தொழில். மண் சுமக்கிறவர் அல்ல, பாறைக்கு வேட்டு வைக்கிறவர். எங்கள் பக்கத்தில் மேலே கரிசல், கீழே சுக்கான் கல், அதற்கும் கீழே பாறை. ஒரு காலத்தில் வேட்டு வைக்க வெளியூரிலிருந்துதான் ஆள் வர வேண்டும். வந்தவர்கள் எங்கள் ஆட்களைத் திரியைத் தொடவே விடமாட்டார்கள். வேறு ஊரில் வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், கிணறு பாதியில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அப்பா கூடை சுமந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அவர் தனியாக வைத்த மூன்றாவது வேட்டு வெடிக்கவில்லை. வெடிக்காத வேட்டைப் பார்க்க, வைத்தவர்தான் இறங்க வேண்டும், வேறு யாரையும் அனுப்பக் கூடாது. கிணறு வெட்டுகிறவர்களிடம் அப்படியொரு முறை இருக்கிறது. அப்பா இறங்கினார், கொஞ்சம் அவசரப்பட்டு இறங்கிவிட்டார். நான்கு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, ஒன்பது விரலோடு மறுபடி திரியைக் கையில் எடுத்தார். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த வேட்டுக் காசில்தான் நான் திருச்சியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன், பி.எட். முடித்தேன். 1979இல் அரியலூரில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சர். செங்கமலம் டீச்சர். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. தாளாளர் சாமிதுரை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் நிரந்தர வேலை கிடைத்ததில்லை. அம்மா ஆண்டாயி கையெழுத்து விழுவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

அந்த ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாட்டின் முதல் பெரிய ராக்கெட்டை விட்டார்கள். ஐந்து நிமிடம் பறந்து வங்கக் கடலில் விழுந்தது. நான்கு அடுக்கு ராக்கெட், இரண்டாம் அடுக்கில் கோளாறு என்று பத்திரிகையில் வந்தது. நான் அதை ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். எந்த அடுக்கு எப்போது கழன்று விழும், எங்கே தப்பியிருக்கும் என்று பாடம் நடத்துகிற சாக்கில் எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அழுகை அழுகையாக வந்தது. வீட்டு மனிதர் யாரோ பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது.

தாளாளருக்கோ மூக்கில் வியர்த்துவிட்டது. டெல்லியில் ஆட்சி ஆடிக்கொண்டிருந்த நேரம், எந்த மாதம் வேண்டுமானாலும் தேர்தல் வரலாம். பேப்பரில் தன் பெயர் வர அவருக்கு ஒரு காரியம் தேவைப்பட்டது. சுதந்திர தினத்தன்று சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பட்டிமன்றம், 'நாட்டுக்கு முதல் தேவை ராக்கெட்டா, சோறா?' நடுவர் அவரேதான். முடிவில் ஒரு தீர்மானம். இனி ராக்கெட்டுக்கு ஒரு பைசா ஒதுக்கக் கூடாது, ஏழை விவசாயத் தொழிலாளர்கள் கேட்டுக்கொள்கிறோம் என்று டெல்லிக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

பதின்மூன்றாம் தேதி என்னைக் கூப்பிட்டார். தமிழாசிரியர் ராசாங்கம் பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், நீங்க சோறு பக்கம் கடைசியாப் பேசுறீங்க."

"ஐயா, நான் கணக்கு டீச்சருங்க. ராக்கெட் பக்கம் வேணா..."

"ராக்கெட்டுக்கு சயின்ஸ் டீச்சர் ஜெயலட்சுமி பேசட்டும். சோத்துக்கு நீங்க பேசுனாத்தான் எடுபடும். உங்க தெரு, உங்க வூடு, பட்ட கஷ்டம்... நீங்க வாயத் தொறந்தாலே சனம் அழுதுரும்."

ராசாங்கம் சார் ஐந்து பக்கம் எழுதியே கொண்டுவந்திருந்தார். "மனப்பாடம் பண்ணிடுங்கம்மா, ஏத்த இறக்கமெல்லாம் கோடு போட்டிருக்கேன்" என்றார். படித்துப் பார்த்தேன். பழைய சோற்றுக்கு நான் ஏங்கி அழுததாக ஒரு பத்தி. என் தகப்பனார் பசியோடு படுத்து விடியும்வரை விழித்துக் கிடந்ததாக இன்னொன்று. எங்கள் வீட்டில் பசி இருந்தது உண்மை. ஆனால் ராசாங்கம் சார் எழுதிய பசி வேறு, அதற்கு மோனையும் எதுகையும் இருந்தன.

"பதினாறாம் தேதி கையெழுத்துப் போட்டுடுறேன். இந்த விசேஷம் நல்லபடியா முடியட்டும்" என்றார் தாளாளர். நான் தலையாட்டினேன். பொய் சொல்லமாட்டேன், கையெழுத்துக்காகத்தான் ஆட்டினேன்.

பதினைந்தாம் தேதி மூன்றரை மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. டவுன்காரர்களுக்கு நாற்காலி. நாற்காலிகளுக்கு முன்னால் தரையில் குன்னத்து ஆட்கள். தாளாளரின் நிலத்தில் வேலை செய்பவர்களை அவருடைய டிராக்டரிலேயே ஏற்றி வந்திருந்தார்கள். அவருக்கு அங்கே நான்காவது கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேட்டு வைக்கிறவர் என் அப்பா. துவைத்த வேட்டி கட்டி, தலைமுடிக்கு எண்ணெய் வைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் மேடையில் பேசப் போகிறாள் என்ற சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது. எதைப் பேசப் போகிறாள் என்று அவருக்குத் தெரியாது.

முதலில் ராசாங்கம் சார் முழங்கினார். இருபது கோடி ரூபாயைக் கடலில் கரைத்துவிட்டார்கள் என்றார். ராக்கெட் வேண்டுமானால் வெளிநாட்டுக்காரன் விடுகிறான், அவனிடம் வாடகை கொடுத்து நம் பெட்டியை ஏற்றி அனுப்பினால் போச்சு என்றார். விசில் பறந்தது. ஜெயலட்சுமி டீச்சர் நல்ல மனுஷி, ஆனால் காகிதத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. மழை வருவதை மேலே இருந்தே பார்த்துச் சொல்லலாம் என்றார், கிராமத்துக்கு டி.வி.யில் பாடம் நடத்தலாம் என்றார். அது மைக்குக்கும் அவருக்கும் மட்டுமே கேட்டது.

அப்புறம் நான். எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தேன். பழைய சோற்றுப் பத்தி வந்தபோது நாற்காலி வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என் தகப்பனார் வெறும் வயிற்றோடு..." என்று ஆரம்பித்தேன். எல்லாரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு தரையில் இருந்த புல்லைக் கிள்ளினார். அத்தனை ஆயிரம் அடி பாறையை உடைத்த மனிதர், நான் பேசப் பேசக் கூனிக் குறுகிக்கொண்டே போனார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, கடைசிவரை பேசி முடித்தேன். நியாயமாக அந்தக் கைதட்டலுக்கு நான் செத்திருக்க வேண்டும்.

தாளாளர் கண் ஜாடை காட்டினார். அவருடைய கணக்கர் சாமிக்கண்ணு தீர்மானக் காகிதங்களை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் படித்து முடித்ததும் நடுவர் தீர்ப்புச் சொல்வதாகத் திட்டம்.

தீர்மானத்தைப் படித்தேன். பிறகு பெயர்கள். மொத்தம் நாற்பத்து மூன்று, எல்லாம் ஒரே கையெழுத்தில் எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊதா மையில் கைநாட்டு, அதற்குக் கீழே 'இடது பெருவிரல் ரேகை'.

"மதுரைவீரன், இடது பெருவிரல் ரேகை. கலியம்மாள், இடது பெருவிரல் ரேகை. மருதாயி, இடது பெருவிரல் ரேகை."

ஒன்பதாவது பெயர் அய்யம்பெருமாள். இடது பெருவிரல் ரேகை.

வரியை இரண்டு முறை பார்த்தேன். ரேகை அழகாக, வட்ட வட்டமாக, முழுசாக இருந்தது. பட்டியலின் தொடக்கத்தில் இருந்த கலியம்மாளின் ரேகையைப் பார்த்தேன். அதற்கு மேலே மதுரைவீரனுடையது. மூன்றிலும் ஒரே இடத்தில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. நிமிர்ந்தேன். சாமிக்கண்ணு வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய இடது பெருவிரல் கத்தரிக்காய் மாதிரி ஊதாவாக இருந்தது.

கூலி நோட்டில் அப்பா எப்போதும் வலது பெருவிரலைத்தான் வைப்பார். அந்த நோட்டை எழுதுகிறவரே இந்தச் சாமிக்கண்ணுதான். நாற்பத்து மூன்று பேரைப் போய்க் கேட்கச் சோம்பல்பட்டு, பெயர்களை நோட்டிலிருந்து எடுத்து, தன் விரலையே நாற்பத்து மூன்று தடவை உருட்டியிருக்கிறார். உருட்டும் மும்முரத்தில், எழுதும் பெயருக்கு உரியவனுக்கு விரல் இருக்கிறதா என்றுகூட யோசிக்கவில்லை.

படித்துவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுநாள் கையெழுத்து விழுந்திருக்கும். அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்த அந்தக் கை கண்ணெதிரே இருந்தது.

"அப்பா" என்று மைக்கிலேயே கூப்பிட்டேன். "ராக்கெட் வேணாம்னு நீங்க கைநாட்டு வச்சீங்களா?"

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ராக்கெட்டா? எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலியே பாப்பா."

"இடது பெருவிரல் வச்சிருக்கீங்கன்னு இதுல இருக்கு. எழுந்திரிச்சு இடது கையத் தூக்கிக் காட்டுங்க."

அப்பா எழுந்தார். கையைத் தூக்கினார். நான்கு விரல்.

தரையில் இருந்தவர்களிடம் ஆரம்பித்த சிரிப்பு, நாற்காலிகள்வரை பரவியது. சாமிக்கண்ணு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மைக்க ஆஃப் பண்ணுடா!" என்று கத்தினார் தாளாளர். மைக் செத்தது. அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது, எனக்கு மைக் எதற்கு?

"இதுவரைக்கும் நான் பேசுனது எழுதிக் குடுத்தது. இப்பப் பேசுறதுதான் என்னுது" என்றேன். "பசி எங்களுது. அத எடுத்து உங்க பேச்சுக்குத் தோரணம் கட்ட உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது? வாடகைக்கு ராக்கெட் வாங்கலாம்னு ராசாங்கம் சார் சொன்னாரு. எங்க ஊருல அப்படித்தான் வேட்டு வைக்க வெளியூர் ஆள நம்பியிருந்தோம். அவன் வந்தா கிணறு, வராட்டி பள்ளம். எங்கப்பா கத்துக்கிட்டாரு. கத்துக்கிட்டதுலதான் அந்த விரல் போச்சு. அன்னைக்கு எல்லாரும் அவர்கிட்ட, உனக்கெதுக்கு இந்த வேல, பேசாம கூடையத் தூக்குன்னுதான் சொன்னாங்க. இன்னைக்கு நாட்டப் பாத்து அதையேதான் சொல்றீங்க!"

"இறங்கும்மா கீழ!" என்றார் தாளாளர். பிறகு அப்பாவைப் பார்த்தார். "அய்யம்பெருமாளு, உன் பொண்ணுக்குப் புத்தி சொல்லு. உனக்குச் சோறு முக்கியமா, ராக்கெட்டு முக்கியமா? நீயே சொல்லு."

அப்பா எனக்குத் தெரிந்து எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. தூக்கிய கையை இன்னும் இறக்காமலே நின்றார்.

"ரெண்டும் வேணுங்க" என்றார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுய்யா."

"ஏங்க ஒண்ணு? உங்களுக்கு மட்டும் நாலு கெணறு. எங்களுக்குன்னா ரெண்டுல ஒண்ணா?" அப்பா நிறுத்தவில்லை. "எங்க தெருவுக்கு ஒரு கெணறு வேணும்னு ஏழு வருசமாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கோம். அப்பல்லாம் ராக்கெட்டு ஏதுங்க? அப்ப ஏன் வெட்டித் தரல? அந்தக் காச எந்தக் கடல்ல போட்டீங்க? ராக்கெட்ட நிறுத்திட்டா மட்டும் நாளைக்கே எங்க தெருவுல தண்ணி வந்துருமா? வேட்டு வெடிக்கலன்னா, வச்சவன் இறங்கிப் பாக்கணும். ஏன் வெடிக்கலன்னு பாத்துட்டு, அடுத்தது வைக்கணும். கெணத்த மூடச் சொல்றவன் தொழில் தெரியாதவன்."

சொல்லிவிட்டு அப்பாவே பயந்துபோனார். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கரித்தது. பேனாவை எடுத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினேன். அப்பாவிடம் காகிதத்தைக் காட்டி, "உங்க பேரு இதுதான்" என்றேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேனாவை உளி மாதிரி பிடித்து, காகிதம் கிழியும்படி பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"எம் பேரும் இருக்குன்னியே டீச்சரு" என்று கலியம்மாள் எழுந்து வந்தாள். "எங்க?"

காட்டினேன். "உனக்கும் ராக்கெட் வேணுமா அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கென்னாத்துக்கு அந்தச் சனியன்? எனக்கு ரேஷன்ல ஒழுங்கா அரிசி போட்டாப் போதும். வேணாம்னா நான் வேணாம்னு சொல்லுவேன். அவன் யாரு எனக்காவச் சொல்றதுக்கு? அடி, எம் பேர."

அவளே அடித்தாள். பின்னாலேயே மதுரைவீரன் வந்தார், மருதாயி வந்தாள். வரிசை கட்டிவிட்டார்கள். மேடையில் தாளாளர் உயிரில்லாத மைக்கின் முன்னால் நின்றுகொண்டு, முன்பே எழுதி வைத்திருந்த தீர்ப்பைப் படித்தார். சோறு பக்கம் வென்றதாம். யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார். அதுவரை போட்டுவந்த 'டீச்சர்', 'நீங்க' எல்லாம் காற்றோடு போயிருந்தது.

"சரிங்க. ஒன்பதாவதுக்கு டெஸ்ட் பேப்பர் திருத்தி வச்சிருக்கேன். காலையில வந்து குடுத்துட்டுத்தான் போவேன்" என்றேன். சொன்னபடியே கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

அன்று திரும்பும்போது நாங்கள் யாரும் டிராக்டரில் ஏறவில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் குன்னத்துக்கு டிக்கெட் எடுத்தோம். வேலை போனதைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை. அல்லிநகரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, அது எவ்வளவு நேரம் போச்சு?"

"எதுப்பா?"

"ராக்கெட்டு."

"அஞ்சு நிமிஷம்பா."

"அஞ்சு நிமிசமா!" என்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மொத வேட்டே அஞ்சு நிமிசம் போயிருக்கா? அடேயப்பா. அப்ப அடுத்தது நிச்சயமாப் போயிரும்."

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "கையத் தூக்கிக் காட்டுனாராமே உங்கப்பன்" என்று கேட்டுச் சிரித்தாள். நான் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். தாளாளர் கிணற்றுக்கு அப்பா அதன்பின் போகவில்லை. ஆனால் கிணறு வெட்டுவதை விடவில்லை. தெரு முனைப் புறம்போக்கில், யாரிடமும் மனு கொடுக்காமல், நாற்பத்து மூன்று பேரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூலி கிடைக்காத நாட்களிலும் எங்கள் தெருவுக்கு ஒரு கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள். கலியம்மாள்தான் முதல் கூடை தூக்கினாள்.

அடுத்த வருடம் ஜூலை பதினெட்டு. ரேடியோவில் செய்தி கேட்டதும் கிணற்று மேட்டுக்கு ஓடினேன். ஐம்பது அடி ஆழம் போயிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழே அப்பா குழிக்குள் வேட்டுத் தோட்டாவை வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! போயிருச்சு!"

"எது?" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ராக்கெட்டு! பூமியச் சுத்துதாம்பா!"

அப்பா சிரிக்கிற சத்தம் ஐம்பது அடியையும் நிரப்பிக்கொண்டு மேலே வந்தது. "நாந்தான் சொன்னேன்ல!" என்று கத்தினார். "சரி சரி, தள்ளி நில்லுங்க எல்லாரும். நம்மளுத வைக்கிறேன்."

திரியைப் பற்றவைத்துவிட்டு ஒன்பது விரலால் கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார். "வேட்டு! வேட்டு!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் ஓடினோம். தரை அதிர்ந்தது. புகை அடங்கியதும் மேட்டில் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். உடைந்த கல், அதற்குக் கீழே மறுபடியும் பாறை.

"ராக்கெட்டு போயிருச்சு, உங்கண்ணன் வேட்டப் பாரு" என்று அப்பாவுக்குத் தங்கை முறையான மருதாயியின் இடுப்பில் குத்திச் சிரித்தாள் கலியம்மாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாறையில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நாளைக்கு இரண்டு குழி போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாறையில் குழி போடும் ஜம்பர் கம்பியைத் தீட்டக் கொல்லுப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.